வலையை இறக்கியவள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

நான் நடத்தும் பெண்கள் கைப்பந்து வகுப்புக்குப் புதுப் பயிற்சியாளர் ஒருத்தி வந்திருக்கிறாள். வந்த அன்றே வலையை இறக்கிக் கட்டி, எல்லோரையும் தரையில் உட்கார்ந்தே ஆட வைத்தாள். சக்கர நாற்காலியில் வரும் தையல்காரம்மாவும் இறங்கி ஆடினார்.

"மூணு மாசமா உங்ககிட்ட ஸ்கோர்தான் எழுதினேன். இன்னைக்குத்தான்மா விளையாடினேன்" என்றார் என்னிடம்.

எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள், தரை வழுக்கும் என்று சாக்குச் சொல்லி வலையை ஏற்றிவிட்டேன். தையல்காரம்மா பழையபடி ஸ்கோர் நோட்டை எடுத்தார். வெட்கமாகப் போயிற்று. நானே வலையை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

தரையில் தேய்ந்து கால்சட்டை கிழிந்துவிட்டது, லேசான சிராய்ப்புதான். பழையது இரண்டு அனுப்புங்கள், நம் வீட்டுச் சோப்பிலேயே துவைத்து.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவளை நீங்களும் கெட்டிக்காரி என்று சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டேன்.

உங்கள் மகள்