இரவல் வரிசை

என் அன்பு வாயாடிக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அந்த ஊர்க் குளிரில் நீ காதை மூடாமல் திரிகிறாயாமே, மூடு. நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

நம் நாற்றங்காலுக்கு நிழல்வலை போட்டாகிவிட்டது. அரசாங்க மானியத்தில் வந்தது. பச்சை வலைக்குக் கீழே மத்தியான வெயில் வாயடங்கிய மாமியார் மாதிரி கிடக்கிறது. உன் அப்பா போனில் பாதிக் கதைதான் சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.

சொந்தமாக ஒட்டுக்கட்டிய மாங்கன்று ஐயாயிரம் உயிரோடு நின்றால்தான் மானியம் என்று விதி. மனு உன் அம்மா பெயரில். ஆபீசர் வரும் முந்தின நாள் எண்ணினால் நானூறு குறைகிறது, எல்லாம் வெயிலில் காய்ந்தது. வலை இருந்தால் கன்று காயாது, கன்று காயாவிட்டால்தான் வலை. என்ன நியாயமோ!

உன் அப்பா வெளியூரில் இருந்தான். பக்கத்து நாற்றங்கால் மீசைக்காரரிடம் நானூறு கன்று இரவல் கேட்டு நான்தான் போனேன். "அதுக்கென்னக்கா, போன வருசம் என் கன்னுங்க நாலு தோட்டம் சுத்திப் பாத்துட்டு வந்துச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே கைவண்டியில் ஏற்றிவிட்டார். கடைசி வரிசையில் அடுக்கினேன். உன் அம்மா வந்து குனிந்து முடிச்சுகளைப் பார்த்தாள். இடக்கைக்காரி அல்லவா, ஒட்டில் அவள் நாடா சுற்றினால் முடிச்சு இடப்பக்கம் விழும். அந்த வரிசை முழுக்க வலப்பக்கம்.

ஆபீசர் குடையைப் பிடித்தபடி எண்ணி முடித்தார். சரியாக இருந்தது. எல்லாம் நானே வளர்த்தது என்று எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். உன் அம்மா பேனாவை வாங்கினாள், கடைசி வரிசையைப் பார்த்தாள். பிறகு, "சார், கடைசி வரிசை எங்களோடது இல்ல. நான்தான் இரவல் வாங்கி வச்சேன்" என்றாள். யாரிடம் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் திறக்கவில்லை.

"இப்படிச் சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா. ஆனா பட்டியல்ல சேர்க்க முடியாது. குறையறதக் கட்டி வச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று ஆபீசர் போய்விட்டார்.

ஊரிலிருந்து வந்த உன் அப்பா வீட்டை இரண்டாக்கினான். "இரவல் வாங்கற புத்தி உனக்கு எங்கேருந்து வந்துச்சு? வாங்கினதுதான் வாங்கின, ஏன் உளறின?" என்று கத்தினான். அப்போதும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாளே கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அறுநூறு ஒட்டு. கட்டைவிரல் கறுத்துப்போனது. நான் நாடா நறுக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்னால் ஆனது. மழை பிடித்ததும் தளிர் விட்டது. அதே ஆபீசர் வந்தார். "உங்க தோட்டத்துல எண்ணவே வேணாம்மா" என்றார், ஆனாலும் எண்ணினார். ஐயாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. எல்லா முடிச்சும் இடப்பக்கம்!

இப்போது கடைவீதியில் என்னை இடக்கைக்காரியோட மாமியார் என்கிறார்கள். முதலில் சுருக்கென்றது. இப்போது அந்த வழியாகவே இரண்டு தடவை நடக்கிறேன்.

அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், எதையாவது இடக்கையால் நீட்டினால் தட்டிவிட்டவள் நான். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொல்லப் போனால் குழம்புக்கு உப்பு போதவில்லை என்றுதான் வாயில் வருகிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது உன் அம்மாவுக்கு இதை முழுக்கப் படித்துக் காட்டு. உன் அப்பாவையும் பக்கத்தில் உட்காரச் சொல். அந்த வரிசையை அடுக்கியது யார் என்ற இடத்தைச் சத்தமாகப் படி. அந்த நேரம் நான் வலைக்குள்ளே கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மாவின் கை உனக்கும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
இடக்கைக்காரியின் மாமியார்