என் பூ போட்ட மூட்டை

அல்ட்டோ ஓஸ்பிசியோ, மார்ச் 4

அன்பு மகள் யாஸ்னாவுக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன மாதம் அனுப்பிய சட்டைகளில் மணலைத் தேய்த்தது நான்தான்.

‘பாலைவனக் குப்பையிலிருந்து என் அம்மா மீட்ட உடைகள்’ என்று உன் கடையில் அட்டை தொங்கவிட்டிருக்கிறாயாம். நான் எங்கே மீட்டேன்? கப்பலில் நம் பாலைவன ஊருக்கு வரும் பழந்துணி மூட்டையைச் சந்தையில் பிரிப்பேன், நல்லதை உனக்கு ஒதுக்குவேன், அவ்வளவுதான். என் பெண் பொய் சொன்னதாக ஆகக்கூடாதே என்று வாசலில் ஒரு கை மண் அள்ளினேன். விற்றதா?

உன் புதுக் கடைத் திறப்புக்கு நீ தைத்துக் கொடுத்த நீலக் கோட்டுதான் போட்டுக்கொண்டு வருவேன். உன் சாண்டியாகோ சிநேகிதிகள் கண் வைக்கட்டும்.

உன் அம்மா
எதெல்மிரா

சாண்டியாகோ, மார்ச் 15

அம்மா,

விற்கவில்லை. பூமியைக் காப்பாற்ற வருகிறவர்கள் சட்டையை உதறிப் பார்த்துவிட்டு, “மண்ணா இருக்கே, புதுசு மாதிரி ஒண்ணு இல்லையா?” என்கிறார்கள். அதற்குச் சிரித்தேன்.

நேற்று ஒருத்தி போனில் படம் காட்டினாள். பாலைவனத்தில் துணிமலை எரிகிறது. ஓரத்தில் ஒரு மூட்டை, அதில் சிவப்புச் சாயத்தில் கோணல் பூ. பெயர் எழுத வராத காலத்திலிருந்து நீ அடையாளத்துக்குப் போடுகிற பூ. அதைத்தான் என் அட்டையிலும் அச்சடித்திருக்கிறேன். அவள் கவனிக்கவில்லை.

மிச்சத் துணியை எங்கே அனுப்புகிறாய்? நிஜத்தைச் சொல். அதுவரை எதுவும் அனுப்பாதே. திறப்புக்கும் வரவேண்டாம்.

யாஸ்னா

அல்ட்டோ ஓஸ்பிசியோ, ஏப்ரல் 2

மகளே,

உன் கடிதத்தைப் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. இதை எழுத இன்னும் மூன்று நாள்.

நிஜம் இதுதான்: விற்காததை எல்லாம் சந்தைக் குப்பை அள்ளும் ரொமுலோவின் வண்டியில் ஏற்றிவிடுவேன். இருபது வருஷமாக. எங்கே கொட்டுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவானே. உன் பள்ளிக்கூடச் செலவும் அந்த வண்டியில்தான் ஓடியது. நியாயம் பேசவில்லை, சொல்கிறேன்.

போன வாரம் அவனோடு போனேன். என் பூ எத்தனையோ கருகிக் கிடந்தது. கருகாத ஏழு மூட்டையை இழுத்து வந்தேன். “கொட்டுனதத் திரும்ப அள்ளுற ஆள இப்பத்தான்க்கா பாக்கறேன்” என்றான்.

இனி மிச்சத்தை வண்டியில் ஏற்ற மாட்டேன். என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. வீட்டில் கட்டில் வரைக்கும் துணி. அட்டையில் பூவை வைத்துக்கொள்வதும் கிழிப்பதும் உன் இஷ்டம். நீயாகக் கூப்பிட்டால் வருகிறேன்.

மீட்டதைச் சந்தையில் விரித்தேன். உன் வயசுப் பெண்கள் இருவர் வந்தார்கள்.

“நெஜமாவே பாலைவனத்துலேருந்தா, ஆன்ட்டி?”

“ஆமா கண்ணு. நானே போட்டு நானே எடுத்தது.”

கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். முகர்ந்து பார்த்தார்கள், கீழே வைத்தார்கள். துணியைப் பார்த்துக்கொள்ள ரொமுலோவை நிறுத்திவிட்டு நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒன்றே ஒன்று விற்றிருந்தது. வெயில் என்று கழற்றி வைத்த என் நீலக் கோட்டு.

“அதுல மட்டும்தான்க்கா பொக நாத்தம் இல்ல” என்றான் ரொமுலோ.

வீட்டுச் சாவி கோட்டுப் பையில் இருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினேன்.

அம்மா