துவைக்க வேண்டாம்

பண்ருட்டி
8-2-1971

அன்புள்ள தனக்கோடிக்கு,

தேவநாதன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஓட்டல் சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை. சுகாதார ஆய்வாளர் என்று தெரிந்துபோனதால் எனக்கு மட்டும் டம்ளரை வெந்நீரில் கழுவித் தருகிறார்கள். அடுப்படியை எட்டிப் பார்த்தால் சாப்பிட முடியாது, அதனால் எட்டிப் பார்ப்பதில்லை. என் பிழைப்பு உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

போன வாரம் உன் அண்ணன் ராஜாங்கத்தை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நீ விருத்தாசலத்தில் பீங்கான் ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறாயாம். "முழங்கை வரிக்கும் மண்ணோட வூட்டுக்கு வருது மாப்ள, பார்க்கவே கஷ்டமா இருக்குது" என்றார். ஏன் தனக்கோடி இந்தச் சேற்றில் உழல வேண்டும்? நான் இருக்கும்போது உனக்கு என்ன குறை?

பாப்பா வாந்திபேதியில் போன அன்று ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. வீட்டில் இப்போது ஒரு தூசி கிடையாது. தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம். ஆனால் பரிமாற ஆளில்லை. வந்துவிடு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
தேவநாதன்

*

விருத்தாசலம்
15-2-1971

அன்புள்ள மாமாவுக்கு,

தனக்கோடி எழுதிக்கொள்வது. கடிதம் கிடைத்தது. ஓட்டலில் காரம் தூக்கலாக இருந்தால் மோர் மட்டும் ஊற்றிச் சாப்பிடுங்கள். உங்கள் வயிறு எனக்குத் தெரியாதா?

நான் சேற்றில் உழலவில்லை. வெள்ளை மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். பொம்மை இறுகியதும் எடுத்து, ஈரப் பஞ்சால் முகம் துடைத்து வைப்பது என் வேலை. தவழும் கிருஷ்ணன்தான் அதிகம். துடைக்கும்போது மனசு என்னவோ செய்யும். செய்தால் செய்யட்டும் என்று துடைப்பேன்.

இங்கே கையிலும் தலையிலும் மண்தான். அதை ஒருத்தரும் அழுக்கு என்பதில்லை. கரைசலில் கொஞ்சம் துரு விழுந்துவிட்டால்தான் பக்கத்தில் வேலை செய்யும் காசியம்மாள், "அய்யய்யோ, அழுக்கு வுழுந்துட்டுதுடி" என்று அலறுவாள். சூளையில் வெந்த பிறகு அந்த இடம் கரும்புள்ளியாகிவிடும்.

உங்களிடம்தான் எத்தனை சொல்! ஓட்டலுக்குச் 'சுகாதாரக் கேடு', சந்தைக்கு 'நாற்றம்', சாக்கடைக்கு 'ஊத்தை'. வீட்டுக்கு வந்தால் அத்தனையும் எனக்குத்தான். "இது வூடா, குப்பமேடா?" என்பீர்கள். பாப்பா உங்கள் தோளில் பால் கக்கினால் "அசிங்கம், அசிங்கம்" என்று ஓடுவீர்கள். அதற்கெல்லாம் சிரித்தவள்தான் நான். ஆனால் அன்று தெருவே கூடி நின்றபோது, "இவ கையில இருந்த அசுத்தந்தான் கொழந்தய கொன்னுது" என்றீர்கள். அதற்குச் சிரிக்க முடியவில்லை. இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும் முன்னால் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

அப்புறம் பாய், தூளி, துணி எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினீர்கள். ஊருக்குச் செய்கிறதை நம் வீட்டுக்கும் செய்தீர்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாப்பாவினுடையது, என் பெரியநாயகியினுடையது என்று என்னிடம் ஒரு நூல்கூட இல்லை.

ஒன்று மிச்சம் இருக்கும் என்று நேற்றுதான் நினைவு வந்தது. அவளுக்கு நோய் வருவதற்கு முன்னால் ஒரு நாள் மஞ்சள் சட்டையில் பால் கக்கினாள். அந்த நேரம் பார்த்து நீங்கள் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். திட்டுவீர்களே என்று அவசரமாகக் கழற்றி, அடுக்குப் பானைக்குப் பின்னால் செருகினேன். அதோடு மறந்துபோனேன். அதைத் தேடி எடுத்து இருக்கிறபடியே அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். அது கைக்கு வந்தால் அந்த வீட்டுக்கு நான் வந்துவிடுவேன் மாமா. நிஜமாக வருவேன்.

உங்கள்
தனக்கோடி

*

பண்ருட்டி
24-2-1971

என் அன்புத் தனக்கோடிக்கு,

'நிஜமாக வருவேன்' என்ற வரியைப் படித்ததும் ஆபீசிலேயே கண் கலங்கிவிட்டது. பியூன் பாவாடை, "கண்ணுல தூசு வுழுந்துட்டுதா சார்?" என்றான். ஆமாம் என்றேன்.

சட்டை நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது. இருந்த கோலத்தை எப்படிச் சொல்வேன்? மார்பெல்லாம் கறை, மடிப்பில் பூஞ்சை, புளித்த பால் வீச்சம். இடுக்கியால்தான் எடுத்தேன். இருக்கிறபடியே அனுப்பச் சொல்லியிருந்தாய். எனக்கு எப்படி மனசு வரும்? நம் பாப்பாவின் சட்டையாயிற்றே. பார்க்கிறவர்கள் அவளை அழுக்குப் பிள்ளை என்று நினைக்கலாமா?

சலவைக்குப் போடவில்லை. நானே சோடா போட்டு வேகவைத்தேன். கறை அசையவில்லை. பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கையால் கசக்கினேன். தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைத் தைத்தேன். ஊசி குத்திவிட்டது, அது கிடக்கட்டும். அடுத்த வீட்டில் இஸ்திரிப் பெட்டி வாங்கித் தேய்த்தேன். மஞ்சள் கொஞ்சம் வெளுத்துவிட்டது. மற்றபடி கடையில் இப்போது எடுத்ததுபோல் இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், கொஞ்சம்கூட வீச்சம் இல்லை.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மார்ச் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

வழியெல்லாம் உன் நினைவோடு வரப்போகும்,
தேவநாதன்

*

விருத்தாசலம்
1-3-1971

மாமாவுக்கு,

சட்டை வந்து சேர்ந்தது. அழகாக மடித்திருக்கிறீர்கள். பொத்தானும் இறுக்கமாக இருக்கிறது.

பிரித்ததும் முகத்தில் வைத்துக்கொண்டேன். பிளீச்சிங் பவுடர். அவளைக் கிடத்தியிருந்த இடத்திலும் கிணற்றடியிலும் அன்று அடித்த அதே நெடி. கழுத்தோரம், கக்கம், பொத்தானுக்கு அடியில் என்று தேடித் தேடிப் பார்த்தேன். அவள் இல்லை.

ஏன் துவைக்க வேண்டாம் என்பதையும் எழுதியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பால் கக்கிய சட்டையை முகர்ந்து பார்க்க ஆசைப்படுகிறாளே என்று, அதையும் 'அசிங்கம்' என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். நீங்கள் இடுக்கியால் தூக்கினீர்களே, அந்த வீச்சம்தான் மாமா நம் பிள்ளை. அவள் அவ்வளவுதான் மிச்சம் இருந்தாள்.

உங்கள்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது. வந்தால் நன்றாக இருக்கும். ஊசி குத்தின இடத்தில் மஞ்சள் வைத்தீர்களா? பாசமாகத்தான் துவைத்தீர்கள், எனக்குத் தெரிகிறது. அதனால்தான் வர முடியாது. என்னையும் அப்படித்தான் பாசமாகக் கசக்கிக்கொண்டே இருப்பீர்கள். என் கையில் இருப்பதாக நீங்கள் சொன்னது எந்தப் பவுடருக்கும் வெளுக்காது.

ஏழாம் தேதி வர வேண்டாம். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

சட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. துவைத்த சட்டைதானே, யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். காசியம்மாள் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்குப் பார்க்கப் போனால், பெரிய சட்டையில் சின்னதாகக் கிடந்தது. தூக்கினேன். என் கையிலேயே பால் கக்கிவிட்டது.

"அசிங்கம் பண்ணிட்டுதுக்கா, கழட்டிக் குடு, தொவச்சிடறேன்" என்றாள் அந்தப் பெண்.

கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று சொல்லி மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

தனக்கோடி