ஆயிரம் கிலோவுக்குள்

ஜனவரி 11

தம்பி வந்து காரின் முன்மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தான். "இன்ஜினைக் கழட்டிட்டு மோட்டார் வச்சா கிளட்ச்சே வேணாம்க்கா" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனையும்.

இடது முழங்காலில் கம்பி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது, பஸ் படியும் ஏற முடியாது. தினமும் கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, நான் லாரிகளுக்கு எடை போடுகிற எடைமேடையில் என்னைக் கொண்டுவந்து விடுகிறார். மாலையில் திரும்ப வந்து கூட்டிப்போகிறார். இருபத்தாறு கிலோமீட்டர், நாலு நடை. அவர் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அதுதான் கஷ்டம். சுளித்தால் சண்டையாவது போடலாம்.

ஜனவரி 12

கிளட்ச் இல்லாத புதுக் கார் வாங்கினால் என்ன என்று வேலையிடத்தில் கேட்டார்கள். வாங்கலாம், பணம் இருந்தால் யார் வேண்டாம் என்றது.

ஜனவரி 18

தம்பியின் தொழிற்சாலையில் ஒதுக்கிப் போட்ட ஒரு மோட்டார் இருக்கிறதாம், முன்பு பாரம் தூக்கும் வண்டியில் ஓடியது. லித்தியம் நமக்கு எட்டாக்கனி. ஈய பேட்டரி பன்னிரண்டு, ஒவ்வொன்றும் 27 கிலோ. பின்சீட்டை எடுத்துவிட்டு அங்கே அடுக்க வேண்டும். ஒருமுறை சார்ஜுக்கு அறுபது கிலோமீட்டர் ஓடும் என்கிறான். எனக்கு வேண்டியது ஐம்பத்திரண்டு.

அவரிடம் சொன்னேன். "இப்ப என்ன அவசரம்? நான்தான் இருக்கேன்ல" என்றார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. இருக்கிறார். அதைத்தான் எப்படிச் சொல்வது? நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துவிட்டது.

ஜனவரி 25

லாரிகள் வராத நேரமாகப் பார்த்துக் காரை மேடையில் ஏற்றச் சொன்னேன். சன்னல் வழியாக வழக்கம்போல "டிரைவர் இறங்கி நில்லுங்க" என்றேன். அவர் இறங்கிப்போய் லாரிக்காரரைப் போலவே கைகட்டி நின்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எடைச்சீட்டு அடித்தேன். 660 கிலோ.

பிப்ரவரி 2

கணக்கு முடிந்தது. வண்டியின் பதிவுச் சான்றுப்படி ஆள், சுமை எல்லாம் சேர்த்து ஆயிரம் கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாற்ற அனுமதி கிடைக்காது.

வண்டி 660. இன்ஜின், டாங்க், பின்சீட்டு போனால் 500. மோட்டார் சாமான்கள் 80. பேட்டரி 324. பக்கத்துச் சீட்டில் அவர் 78. மொத்தம் 982.

பதினெட்டு கிலோ மிச்சம்! தம்பியிடம் காட்டினேன். "தினம் எடை போடுறவ கை, தப்புமா?" என்றான். இன்று முழுக்கக் காலே தரையில் பாவவில்லை.

பிப்ரவரி 6

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: ஓட்டுநர் எடை. 62 என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது.

என்னைச் சேர்க்கவே இல்லை.

982-உடன் 62. 1044.

பதினாலு வருடமாக டிரைவரை இறக்கிவிட்டுத்தான் எடை போடுகிறேன். மேடையில் நிற்பதுதான் கணக்கு. அறைக்குள் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எடை கிடையாது. நான் ஓட்டத்தானடி இந்தக் கூத்தெல்லாம்? அதிலயே என்னையே மறந்துட்டேனே, என்ன சொல்ல.

பிப்ரவரி 7

தம்பி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். பிறகு இரண்டு பேட்டரியைக் குறைக்கலாம் என்றான். குறைத்தால் எடை சரி, ஆனால் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான் ஓடும். பாதி வழியில் நின்று யாரைக் கூப்பிடுவது? அவரைத்தான்.

வேலையிடத்தில் சார்ஜ் போட முதலாளியிடம் கேட்டேன். சார்ஜ் ஏறும்போது மின்சாரம் இறங்கி எடை காட்டும் எண் ஆடும், கூடாது என்றார். நியாயம்தான்.

பிப்ரவரி 8

அவரை இறக்கினால் எல்லாம் சரியாகிறது. 966. ஆனால் சீட்டு இருந்தால் ஆள் இருப்பதாகவே போக்குவரத்து அலுவலகத்தில் கணக்கு. சீட்டையே எடுக்க வேண்டும்.

எழுதிப் பார்த்தேன். தாளை மடித்து டிராயரில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10

சரிப்பட்டு வராது போலிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "அப்ப விடு" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அவருக்கு நான் பக்கத்துச் சீட்டிலேயே உக்காந்திருந்தாப் போதுமா? அவரைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை. டிராயரில் அவரை இறக்கிவிட்ட தாளை வைத்திருக்கிறவள் நான்.

பிப்ரவரி 15

அளவுநாடா தேடி டிராயரைத் திறந்திருக்கிறார். நான் வந்தபோது தாள் மேஜையில் விரித்துக் கிடந்தது. 'அவர் – 78' என்ற வரியின் மேல் துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸால் ஒரு கோடு.

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். ஒரு வாரமாக என்றேன்.

"சொல்ல வேண்டியதுதானே."

"எப்படிச் சொல்றது? நீங்க இறங்கினாத்தான் வண்டி நகரும்னா?"

சாக்பீஸை மேஜையில் வைத்தார். பிறகு, "நீ ஓட்டும்போது பக்கத்துல உக்காந்தா நான் சும்மாவா இருப்பேன்? பிரேக்கப் போடு, பிரேக்கப் போடுன்னு உசுர வாங்குவேன். எடுத்துரலாம்" என்றார்.

நாலு போல்ட். ஒன்று துருப்பிடித்திருந்தது. நான் சீட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் திருகினார்.

மார்ச் 20

அனுமதி வந்தது. இருக்கை: ஒன்று.

மே 14

முதல் நாள். தனியாகப் போய்த் தனியாக வந்தேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. அவர் ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது கொடியில் ஆறு சட்டை தொங்கியது. எல்லாம் இன்று தைத்ததாம்; என்னைக் கொண்டுவிட்ட நாட்களில் இரண்டு முடிந்தால் பெரிது. இரண்டு வருடமாகத் துணி கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் கை முன்னே மாதிரி ஓடவில்லை என்று சொல்லித் தவணை கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அதை நம்பினேன். தைலம்கூட வாங்கிக் கொடுத்தேன்.

"கை சரியாயிருச்சா?" என்று கேட்டேன்.

"கைக்கு என்ன?" என்றார்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு வந்து ஆறு சட்டைக்கும் பட்டன் தைத்துக் கொடுத்தேன்.