முதல் காட்சிக்கு மறுநாள்

என்னங்க,

நீங்க அனுப்பின டிக்கெட்டைப் பார்த்தேன். நம்ம பொண்ணு குந்தவை கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலேயே ஜெர்மனிக்குத் திரும்பறீங்க.

"ஆப்பரான்னா முழுக்கப் பாட்டாவே நடக்கிற நாடகம். முதல் நாள் காட்சி முடிஞ்சதும் டைரக்டர் நான் கிளம்பிடலாம், அப்புறம் பாடுறவங்க பார்த்துக்குவாங்க"ன்னு நம்ம கல்யாணமான புதுசுல சொன்னீங்க. நல்ல வேலைன்னு நினைச்சேன். வீட்டையும் அப்படியே நடத்துவீங்கன்னு தெரியாமப் போச்சு.

குந்தவை பிறந்தப்ப வந்தீங்க. தொட்டிலை ஜன்னலுக்கு எதிரே மாட்டச் சொன்னீங்க, ப்ளேன் ஏறிட்டீங்க. பாபநாசம் வீட்டுக்குப் பால் காய்ச்சுற அன்னிக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில வெளிச்சம் எப்படி விழணும்னு எலக்ட்ரீஷியனைப் பாடாப் படுத்தினீங்க. வெளிச்சம் நல்லாத்தான் விழுது. அதுல தனியா உக்காந்து சாப்பிடுறேன்.

கல்யாணத்தன்னிக்கு மண்டபம் நிறைய ஆள் இருக்கும். தாரை வார்த்துக் குடுக்க எங்க அண்ணன்கூட இருக்காரு. மறுநாள் அவளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிட்டு நான் திரும்பி வருவேன். பந்தல்காரங்க வாசல் பந்தலைப் பிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. உள்ள யாரும் இருக்க மாட்டாங்க.

ரெண்டுல ஒரு நாள்தான் லீவு கிடைக்கும்னா, அந்த மறுநாளுக்கு வாங்க.

உங்க வீட்டுக்காரி