வெற்றிலை வைக்காத வீடுகள்

2022 அக்டோபர் 14, வெள்ளி

சென்னையில் புதுத் தொழில் தொடங்கியவர்கள் கூட்டம். கல்வராயன் மலைச் சாமையை மிஷினில் தீட்டி நகரக் கடைகளுக்கு அனுப்பும் கம்பெனி என்று காபி ஆறும்வரை ஒருவரிடம் சொன்னேன். அவர் என் தோளுக்கு மேலே வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சி சேலத்துக்குள் வருமா என்று கடைசியில் கேட்டார்.

பெரிய கடைகளுக்குச் சரக்கு எடுக்கும் அரங்கநாதன் சார் மட்டும் காதுகொடுத்துக் கேட்டார். மலைக்கே வந்து விவசாயிகளைப் பார்ப்பாராம். அவர்கள் என் பக்கம் இருந்தால் சரக்கு எடுப்பாராம். "ஊர்ல முக்கியமான ஒரு ஆளைப் பிடிங்க. மத்தவங்க தானா வருவாங்க. நெட்வொர்க்னா அதான்மா."

அக்டோபர் 17

கார்டு வாங்கிய எல்லாருக்கும் மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 20

மலைக்குப் போனேன். ஊர்ப் பெரியவர் வேடியப்பன் வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, சார் விவசாயிகளைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு ஊரையே அழைத்தாயிற்று. "சொல்லிடறேம்மா" என்றார். சார் சொன்ன அந்த ஒரு ஆள்!

நவம்பர் 6, ஞாயிறு

ஒருத்தரும் வரல.

வேடியப்பன், சார், நான், வாடகை நாற்காலிங்க. "டச்ல இருப்போம்மா"ன்னுட்டு சார் காரேறிட்டார்.

கொளஞ்சியம்மாள் குழாயடியில் நின்றாள். சாமை போடுகிறவள்தான். ஏங்க்கா வரலன்னேன்.

"அவுரு வூட்டுல வெத்தல வெச்சா அது அவுருக்கு வெச்சது. எங்க வூடு எங்க கீதுன்னு தெரியாதா உனக்கு? கூப்புடாத எடத்துக்குப் போவோமா இன்னா?"

அண்ணன் கல்யாணத்துக்கு வீடு வீடாப் போய்ச் சொன்னவதானே நான்? தொழில்னா மட்டும் வேறன்னு எப்படி நெனச்சேன்? சென்னையில் என் தோளுக்கு மேலே பாத்தாங்களே — இங்க நானும் அதத்தானே செஞ்சிருக்கேன்?

நவம்பர் 7

சார் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 12

மறுபடி மேலே. ஒரு வீடு விடாமல் போனேன். சும்மா பார்க்க வந்தேன் என்றால் யாரும் நம்பவில்லை. "எலெக்சன்ல நிக்கிறியா?" என்றாள் சின்னப்பொண்ணு. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

கீழே வந்து குடோன் ஷட்டரைத் தூக்கியதும் சிரிப்பு போய்விட்டது. மிஷினோடு எவ்வளவு நேரம் பேசுவது?

டிசம்பர் 3

என் அண்ணன் ஜான் பாஷா குடோனுக்கு வந்தான். "இன்னாத்துக்கு இந்த அலைச்சல்? நம்ம கடையிலயே வந்து உக்காரு" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அதனால் இன்னும் வலித்தது.

2023 ஜனவரி 19

ஷட்டரை யாரோ தட்டினார்கள். பார்த்தால் கொளஞ்சியம்மாள், கையில் வெற்றிலைத் தட்டு! பேத்திக்குக் காது குத்தாம்.

"எல்லா வூட்டுக்கும் வெச்சிக்கினு வரேன் மெஹ்ராஜு. உன் வூடுதான் ரொம்ப தூரம்."

"இது வூடு இல்லக்கா, குடோன்."

"நீ கீற எடந்தான?"

ஜனவரி 29, ஞாயிறு

பந்தியில் கறி வந்தது. ஹலாலா என்று தெரியாத பந்தியில் வழக்கமாகச் செய்வதுபோல இலையைக் கையால் மறித்து, ரசம் போதும் என்றேன். கொளஞ்சியம்மாள் கையைத் தட்டிவிட்டாள்.

"துன்னு. உனக்காவத்தான் கச்சிராயபாளையத்துல உங்க பாய் கடையில வாங்கியாந்தது. ஊருக்கே இன்னிக்கி அந்தக் கறிதான்."

குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பேன்.

பக்கத்து இலை சின்னப்பொண்ணு இடித்தாள். "எங்க சாமய எப்ப ஏத்திக்கினு போப்போற?"

"வூட்டுக்கு வந்து சொல்றேங்க்கா."

"எம் வூட்டுக்கா?"

"எல்லா வூட்டுக்கும்."