நீ மாட்டிய வைரக் கட்டர்

2007 மார்ச் 9, வெள்ளி, காலை பத்தே கால். இன்றைக்கு இது நாற்பதாவது பீஸ். விளிம்பில் விரலை ஓட்டினேன், பிசிறு கீறியது.

"சார், மறுபடி பிசிறு வருது. கட்டரை மாத்திடலாமே?" என்றான் ஆபரேட்டர் குமார்.

"ஓடட்டும்."

மெஷின் கதவைத் திறந்ததும் கூலன்ட் எண்ணெய் வாடை. கட்டர் ஹோல்டரில் உன் பெயரின் முதல் எழுத்து, பெயின்ட் மார்க்கரில். டூலை மாட்டியவன் எழுத்துப் போடுவது, கழற்றும்போது தின்னரால் துடைப்பது, இதுதானே நம் ஷாப் வழக்கம். துடைக்கத்தான் எனக்குக் கை வரவில்லை.

நாம் வெட்டும் வார்ப்பு அலுமினியம் பார்க்கத்தான் சாது. உள்ளேயிருக்கும் சிலிக்கான் உப்புத்தாள் மாதிரி முனையை அரிக்கும். கார்பைடு கட்டர்கள் மழுங்கி மழுங்கி நமக்கு வெறுத்துப்போயிற்று. மேனேஜரிடம் சண்டை போட்டு வைர முனை வாங்க வைத்தோம். போன ரம்ஜானில், நோன்புக் கஞ்சி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு நீ மாட்டினாய்.

"மச்சான், இது நம்மள வழியனுப்பிட்டுதான் போவும்."

"பேசாம டூல் நீளத்தை அளந்து ஆஃப்செட்டைப் போடுடா," என்றேன்.

அடுத்த மாதம் குரோம்பேட்டையில் உன்மேல் லாரி. கட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பம்மலில் உன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உங்கம்மா கேட்கிறார்கள்: "அவன் மாட்டினது இன்னும் ஓடுதா தம்பி?" "ஓடுதும்மா." இதைச் சொல்வதற்காகவே ஃபீடை, அதாவது கட்டர் முன்னேறும் வேகத்தை, குறைத்துக்கொண்டே வந்தேன். ஃபீட் ரொம்பக் குறைந்தால் முனை வெட்டாது, உரசும். உரசினால் இன்னும் சீக்கிரம் தேயும். நாம் காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததுதான் இது. முன்பு கார்பைடில் நான் இதையே செய்தபோது நீ கேட்டாயே: "இன்னா மச்சான், டூலுக்குத் தாலாட்டு பாடிகினு கீற? வெட்டுடா."

இப்போது முனை உருண்டுவிட்டது. பிசிறையெல்லாம் குமார் அரத்தால் ராவுகிறான். அவன் மூன்று விரல்களில் பிளாஸ்திரி. விரலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அலுத்துவிட்டது, மச்சான். இனி செய்யப்போவது:

1. அடுத்த பீஸ் ஏற்றும் முன் மெஷினை நிறுத்துவேன்.
2. கட்டரை நானே கழற்றுவேன். தின்னர் துணியைக் குமாரிடம் கொடுக்க மாட்டேன்.
3. புதுக் கட்டர், நீ போட்ட ஃபீட். குறைப்பதில்லை. ஹோல்டரில் என் எழுத்து.
4. சாயங்காலம் பம்மலில் இறங்குவேன். அம்மா கேட்கும் முன் சொல்லிவிடுவேன்: "இன்னிக்குக் கழட்டிட்டேம்மா."